வேலை உடம்பைக் கெடுக்காமலிருக்க: பணியிட உடல்நலத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊழியர்களின் உடல்நலத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்ததும் வழக்கமாக என்ன நடக்கிறது? வாரம் ஒருநாள் யோகா வகுப்பு, நடந்த அடிகளை எண்ணும் போட்டி, எடை குறைத்தவருக்குப் பரிசு, சுவரில் ஒரு போஸ்டர். செய்பவர்களின் எண்ணம் நல்லதுதான். பலன் எப்படி? அமெரிக்காவில் 160 கிளைகளும் சுமார் 33,000 ஊழியர்களும் கொண்ட ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 20 கிளைகளில் மட்டும் இப்படிப்பட்ட திட்டம் நடந்தது. 18 மாத அனுபவத்தை வைத்து 2019-இல் முடிவு வெளியானது. ஒழுங்காக உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் அந்தக் கிளைகளில் கூடியிருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன், விடுப்பு நாட்கள் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களிடம் நடத்திய ஆய்விலும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எட்டு மணி நேரம் உடம்பை முறுக்கி வைக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு, வாரத்தில் அரை மணி நேரம் அதை நிமிர்த்தப் பார்த்தால் எப்படி நிமிரும்? அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத்தான் வலியுறுத்துகிறது. ஊழியரைத் திருத்துவதற்கு முன்னால் வேலையைத் திருத்துங்கள். பாதுகாப்பான, ஆரோக்கியமான பணியிடத்தைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2022-இல் வேலை சார்ந்த அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. நிர்வாகம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகையாக இதை நினைக்கத் தேவையில்லை.

இருபது பேர் வேலை செய்யும் சிறிய இடமாக இருந்தாலும், ஆயிரம் பேர் இருக்கும் ஆலையாக இருந்தாலும் கீழே உள்ள படிகள் பொருந்தும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தால் மற்றதெல்லாம் ஊகமாகிவிடும்.

படி 1: எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்

1700-ஆம் ஆண்டில் பெர்னார்டினோ ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" முந்நூறு ஆண்டுகள் கழித்தும் பல அலுவலகங்களில் இந்தக் கேள்வியின் மறுபாதி கேட்கப்படுவதே இல்லை. இந்த வேலை செய்வதால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது?

இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு தாளில் மனித உருவத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கோட்டுப்படமாக வரையுங்கள். வலி, மரத்துப்போதல், எரிச்சல் எங்கே இருக்கிறதோ அங்கே குறி போடச் சொல்லுங்கள். கூடவே மூன்று கேள்விகள் போதும்: எந்த வேலை செய்யும்போது கூடுகிறது? எத்தனை நாளாக இருக்கிறது? என்ன மாற்றினால் குறையும் என்று நினைக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்கள்தான் தங்கம். பல வருடம் ஒரே வேலையைச் செய்தவருக்கு அதில் எது தப்பு என்பது நன்றாகவே தெரியும். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தாளில் பெயர் வேண்டாம், பிரிவு மட்டும் போதும். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள பிரிவாக இருந்தால் இன்னொரு பிரிவோடு சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடலாம். தாள்களைச் சூப்பர்வைசர் கையால் வாங்கக் கூடாது. ஒரு பெட்டி வையுங்கள். பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பெரிய உருவம் வரைந்து, எல்லாருடைய குறிகளையும் அதில் சேர்த்து வையுங்கள். ஒரு பிரிவில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு வலது தோள்பட்டை வலிக்கிறது என்றால், அது அந்த ஏழு பேரின் வயதோ எடையோ சம்பந்தப்பட்டதல்ல. அங்கே ஏதோ ஒன்று வலது கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

படி 2: வேலை நடக்கும் இடத்தில் நின்று பாருங்கள்

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிரிவுக்குப் போங்கள். ரவுண்ட்ஸ் போவதுபோல் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடாமல், ஒரே இடத்தில் அரை மணி நேரமாவது நில்லுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை. உடம்பு களைத்த பிறகு வேலை எப்படி மாறுகிறது என்பது இரண்டாவது தடவையில்தான் தெரியும்.

பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானவை ஊழியர்கள் தாங்களாகவே செய்துகொண்ட தற்காலிக ஏற்பாடுகள். மேசை விளிம்பில் மடித்து வைத்த துணி, காலுக்கடியில் கிடக்கும் காலி அட்டைப்பெட்டி, டேப் சுற்றித் தடிமனாக்கிய கைப்பிடி, மானிட்டருக்கு அடியில் பழைய கோப்புகள், நாற்காலி முதுகில் சுருட்டிக் கட்டிய துண்டு, ஏசி காற்று வரும் இடத்தை மறைத்து ஒட்டிய காகிதம். இவை ஒவ்வொன்றும் எழுதப்படாத ஒரு புகார். துணி இருந்தால் விளிம்பு மணிக்கட்டை அறுக்கிறது. அட்டைப்பெட்டி இருந்தால் கால் தரையில் படவில்லை. "ஒழுங்காக இல்லை" என்று இவற்றை எடுத்துப் போடச் சொல்லும் மேனேஜர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிரந்தரத் தீர்வு வரும்வரை அந்தத் துண்டு அங்கேயே இருக்கட்டும்.

ஒரு பேக்கிங் மேசையை எடுத்துக்கொள்வோம். பொருட்கள் இடது பக்கம், தரையில் கிடக்கும் மரப்பலகையில் அடுக்கியிருக்கின்றன. கட்டி முடித்த பெட்டி வலது பக்கம் டிராலிக்குப் போக வேண்டும். மேசை அவருடைய விலா எலும்பு உயரத்துக்கு இருக்கிறது. ஒரு பெட்டிக்கு அவர் ஒரு தடவை கணுக்கால் வரை குனிகிறார், பொருளைத் தூக்கியபடியே இடுப்பைத் திருப்புகிறார், டேப் ஒட்டும்போது தோள்களைக் காதுவரை உயர்த்துகிறார், பிறகு மறுபக்கம் திரும்புகிறார். மணிக்கு நாற்பது பெட்டி என்றால் இது நாற்பது தடவை. குனிந்துகொண்டே திரும்புவதைப் போல் முதுகெலும்பின் வட்டுகளுக்குக் கெடுதல் வேறில்லை. இங்கே என்ன செய்யலாம்? மரப்பலகையை ஒரு மேடைமேல் ஏற்றி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவரலாம். டிராலியை மேசைக்கு நேராக நகர்த்தி, தூக்குவதற்குப் பதில் தள்ளிவிடும்படி செய்யலாம். மேசைப் பரப்பு முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி அதன் கால்களைக் குறைக்கலாம், அல்லது அவர் நிற்க ஒரு அகலமான மேடை போடலாம். ஒரு தச்சர் ஒரே நாளில் முடிக்கும் வேலை இது.

படி 3: ஆபத்தை நீக்குவதில் தொடங்குங்கள், கையுறையில் அல்ல

பணிப் பாதுகாப்புத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா? முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த வேறொன்றை வைக்கலாமா? அதுவும் முடியாவிட்டால் இயந்திரம், தடுப்பு, காற்றோட்டம் போன்ற ஏற்பாடுகள். அதற்கடுத்து வேலை நேரம், சுழற்சி, பயிற்சி. கடைசியாகத்தான் கையுறை, முகக்கவசம், காதடைப்பான். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏனென்றால் கையுறை வாங்க ஒரு கையெழுத்துப் போதும், வேலையை மாற்ற நாலு பேரிடம் பேச வேண்டும்.

எடை தூக்குவதைப் பாருங்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனமான நியோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எல்லாமே சாதகமாக இருக்கும்போதுகூட பரிந்துரைக்கப்படும் எடை 23 கிலோதான். சாதகம் என்றால் பொருள் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், திரும்ப வேண்டியதில்லை, பிடிக்க வசதி உண்டு, எப்போதாவது ஒரு தடவைதான். கைகள் உடம்பிலிருந்து விலக விலக அந்த எண் இறங்கும். கணுக்கால்களின் நடுவிலிருந்து கை 25 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது 23 கிலோ என்றால், 50 செ.மீ. தூரத்தில் அது பாதியாகிவிடும். குனிதல், திரும்புதல், அடிக்கடி தூக்குதல் என்று ஒவ்வொன்றும் இன்னும் குறைக்கும். ஆகவே "இருபது கிலோதானே, தூக்கக்கூடாதா?" என்ற கேள்விக்கு எடையை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எங்கிருந்து, எவ்வளவு தூரத்தில், எத்தனை தடவை என்று பார்க்க வேண்டும்.

இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தால் முதுகுவலி வராது என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. பெரிய கடைகளில் சரக்கு தூக்கும் ஆயிரக்கணக்கான ஊழியர்களை வைத்து நியோஷ் செய்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பெல்ட் அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் முதுகுவலியில் வித்தியாசமே இல்லை. அந்தப் பணத்தில் சக்கரம் வைத்த வண்டி வாங்குங்கள். சரக்கு அனுப்புகிறவரிடம் பேசி, மூட்டையைச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

படி 4: நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் செய்யும் வேலை

விலை உயர்ந்த நாற்காலி வாங்குவதைவிட, இருக்கும் நாற்காலியைச் சரியாக அமைப்பது முக்கியம். எத்தனையோ பேர் தங்கள் நாற்காலிக்கு அடியிலுள்ள நெம்பிகள் எதற்கு என்று தெரியாமலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, அருகில் உட்கார்ந்து அமைத்துக் கொடுங்கள்.

காலிலிருந்து ஆரம்பியுங்கள். பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும். தொடை கிட்டத்தட்ட கிடைமட்டமாக இருக்க வேண்டும். இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் போகும் இடம் இருக்கட்டும். இடுப்புக்கு மேலுள்ள வளைவில் சாய்மானம் தாங்க வேண்டும். இப்போது தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். கை கீபோர்டில் இயல்பாகப் போய் விழுந்தால் சரி. மேசை உயரமாக இருந்து தோள் தூக்கினால், நாற்காலியை உயர்த்திக் காலுக்கு ஒரு பலகை வையுங்கள். மவுஸ் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் அல்ல. மானிட்டர் ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ வரட்டும். பைஃபோகல் போன்ற கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க அவர்கள் நாள் முழுக்கத் தாடையைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். மதியத்துக்கு மேல் கழுத்து வலிக்கிறது என்பவர்களிடம் முதலில் கண்ணாடியைப் பற்றிக் கேளுங்கள்.

மடிக்கணினி வேறு விஷயம். திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், ஒன்று கழுத்து குனியும், இல்லையென்றால் கை தூக்கும். அதிலேயே நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்குத் தனிக் கீபோர்டும் மவுஸும் கட்டாயம் வேண்டும். மடிக்கணினியைத் தடிமனான புத்தகங்கள்மேல் ஏற்றினாலே பாதி பிரச்சினை தீரும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களை மறந்துவிட வேண்டாம். அவர்கள் உட்காரும் இடத்தின் பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை, விருப்பம் இருந்தால், அனுப்பச் சொல்லிப் பார்த்து ஆலோசனை தரலாம்.

திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். எரிச்சலுக்கு அதுவே பெரிய காரணம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு. ஜன்னலின் வெளிச்சம் திரையில் எதிரொளித்தால் மேசையைப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

படி 5: நாள் முழுக்க ஒரே நிலையில் யாரையும் வைக்காதீர்கள்

1953-இல் மருத்துவர் ஜெரி மோரிஸும் அவருடைய சகாக்களும் லண்டன் பேருந்து ஊழியர்களைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஓட்டுநர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். நடத்துநர்கள் இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு, வந்தாலும் கடுமை குறைவு என்று தெரியவந்தது. உடலியக்கத்துக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய நவீன ஆராய்ச்சிகள் அங்கிருந்துதான் கிளம்பின. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சிக்கென்று அந்தப் படிகளில் ஏறவில்லை. வேலையே அவர்களை ஏற வைத்தது.

அப்படியானால் அசைவை வேலைக்குள்ளேயே வையுங்கள். பிரிண்டரைச் சற்றுத் தள்ளி வைக்கலாம். இரண்டு பேர் பேச வேண்டிய விஷயத்தை நடந்துகொண்டே பேசலாம். மீட்டிங்கை ஐம்பது நிமிடத்தில் முடிக்கலாம். அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பது மரியாதைக் குறைவல்ல என்று மேனேஜரே எழுந்து நின்று காட்ட வேண்டும், சொன்னால் மட்டும் யாரும் நிற்க மாட்டார்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. வேலை நேரத்தின் இடையே வரும் நடை அந்தக் கணக்கில் ஒரு பகுதியை அடைத்துவிடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உட்காருவது கெடுதல் என்று சொல்லி எல்லாரையும் நிற்க வைத்தால், கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் இடுப்பு வலியும் வரும். நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் விற்பனையாளர், காவலாளி, இயந்திரம் இயக்குபவர் ஆகியோருக்கு உட்கார இடம் கொடுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்ற விதிக்கு எந்த நியாயமும் கிடையாது. வெறும் கான்கிரீட் தரையில் நிற்பவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் விரிப்பு போடுங்கள். ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க ஒரு சிறு படி வைத்தால் இடுப்புக்கு இதம்.

படி 6: காற்று, வெளிச்சம், சத்தம், வெப்பம்

முதல் மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூடிய அறையில் கரியமில வாயுவின் அளவு 1000 பிபிஎம்-ஐ (பத்து லட்சம் பங்கு காற்றில் 1000 பங்கு) தாண்டிக்கொண்டே இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். அதை அளக்கும் சிறு கருவி எளிதாகக் கிடைக்கும். எழுத்து வேலைக்கு மேசையில் 500 லக்ஸ் வெளிச்சம் வழக்கமான அளவுகோல். சத்தத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு கை தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அங்கே 85 டெசிபலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். நியோஷ் கணக்குப்படி எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், அதாவது 88-இல் நாலு மணி நேரம், 91-இல் இரண்டு மணி நேரம். போன காது திரும்ப வராது. ஆகவே இயந்திரத்தை மூடி போட்டு அடக்கவோ, தளர்ந்த பாகங்களை இறுக்கவோ முதலில் முயலுங்கள்.

வெப்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது உயிரை எடுக்கும், அதுவும் பெரும்பாலும் புதியவர்களின் உயிரை. வெளியில் வேலை செய்து வெப்பத்தால் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வேலையின் முதல் சில நாட்களிலேயே இறக்கிறார்கள் என்று அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதிகமாக, சீக்கிரமாக வியர்க்கவும் உப்பைச் சேமிக்கவும் அது கற்றுக்கொள்ள வேண்டும். அதனால் புதியவருக்கு முதல் நாள் வெப்பத்தில் வழக்கமான நேரத்தில் 20 சதவீதம் மட்டும், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுங்கள். நீண்ட விடுப்பு முடிந்து திரும்பும் பழைய ஆளும் சில நாட்கள் பழகித்தான் ஆக வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல். கடினமான வேலையைக் காலையில் வையுங்கள், நிழலில் ஓய்வு கொடுங்கள், இருவர் இருவராக வேலை செய்ய வையுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தடுமாறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸை அழையுங்கள், அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். அந்த நிமிடங்களில் உடம்பைக் குளிர வைப்பதுதான் சிகிச்சை.

படி 7: தண்ணீரும் கழிவறையும்

இதற்குத் தனிப் படி எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டிய இடங்களில் ஊழியர்கள், குறிப்பாகப் பெண்கள், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தலைவலியும் அதன் தொடர்ச்சி. மேலே சொன்ன வெப்பத்தில் இது இன்னும் ஆபத்து. அந்த ஊழியர் மருத்துவரிடம் போனால் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பார். குடிக்க வேண்டும் என்று தெரியாததால் அவர் குடிக்காமல் இருக்கவில்லை.

ஆகவே இவற்றைச் சரிபாருங்கள். கழிவறைக்குப் போய்வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று நீங்களே நடந்து பாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா, மாதவிடாய் அணையாடையைப் போட மூடியுள்ள தொட்டி இருக்கிறதா, விளக்கு எரிகிறதா. தொடர் உற்பத்தி நடக்கும் வரிசையில், ஒருவர் எழுந்தால் அந்த இடத்தில் நிற்க ஒரு மாற்று ஆள் எல்லா நேரமும் இருக்க வேண்டும். டோக்கன் முறை, நேரக் குறிப்பு, "இப்போதுதானே போனாய்" என்ற கேள்வி, இவை மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். பாலூட்டும் தாய்மார்களுக்குப் பூட்டக்கூடிய, சுத்தமான ஒரு தனி அறை வேண்டும். கழிவறை அதற்கான இடம் அல்ல.

படி 8: வேலை நேரத்தில் கை வையுங்கள்

மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டு வேலை நேரத்தைத் தொடாமல் விட்டால் பயனில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல். யார் தொடர்ந்து அந்த எல்லையைத் தாண்டுகிறார்கள் என்பது உங்கள் வருகைப் பதிவிலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை எடுங்கள். பட்டியலில் இருப்பவரைக் கூப்பிட்டு "ஏன் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை" என்று கேட்காதீர்கள். அவருடைய மேனேஜரைக் கூப்பிட்டு, அந்த வேலைக்கு எத்தனை ஆள் தேவை என்று கேளுங்கள்.

இரவு ஷிப்ட் தவிர்க்க முடியாத இடங்கள் உண்டு. அங்கே தீங்கைக் குறைக்கலாம். சுழற்சி முன்னோக்கி இருக்கட்டும்: காலை, மதியம், இரவு. தலைகீழாகச் சுழற்றினால் உடம்பு பழகச் சிரமப்படும். தொடர்ச்சியான இரவுகளை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, எல்லா இடத்துக்கும் அது நல்ல அளவுகோல். அட்டவணையைச் சில வாரங்களுக்கு முன்பே கொடுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல் இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டபுள் ஷிப்ட் முடித்தவரை வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

படி 9: நோயையும் வலியையும் சொல்ல வழி செய்யுங்கள்

மணிக்கட்டில் லேசான குறுகுறுப்பு இருக்கும்போதே சொன்னால், மேசையை மாற்றினாலே சரியாகிவிடும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். இடைப்பட்ட ஆறு மாதமும் பயத்தில் கழிகிறது. "சொன்னால் வேலை போய்விடுமோ, பதவி உயர்வு கிடைக்காதோ." இந்தப் பயத்தைப் போஸ்டரால் போக்க முடியாது. முதலில் சொன்ன ஒருவருக்கு ஒரு வாரத்துக்குள் ஏதாவது நடந்தால், இரண்டாவது ஆள் தானாக வருவார்.

"விபத்தே நடக்காத மாதம்" என்று பிரிவுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். அது விபத்தைக் குறைக்காது, விபத்தைச் சொல்வதைத்தான் குறைக்கும். கை நசுங்கியவர் சக ஊழியர்களின் பரிசு போய்விடுமே என்று கையைப் பாக்கெட்டில் மறைத்துக்கொண்டு போவார்.

காய்ச்சலோடு வருபவரை "அர்ப்பணிப்பு" என்று பாராட்டாதீர்கள். சம்பளம் பிடிக்காத நோய் விடுப்பு இருந்தால்தான் ஒருவர் வீட்டில் படுப்பார். நீண்ட நாள் கழித்துத் திரும்புகிறவரைப் பழைய வேலைக்கு முழு நேரமும் தள்ளிவிடக் கூடாது. முதல் வாரம் அரை நாள், எடை தூக்காத வேலை, பிறகு மெதுவாகக் கூட்டுவது என்று எழுத்தில் ஒரு திட்டம் போடுங்கள். சாதாரண இடுப்பு வலிக்கு நீண்ட நாள் படுத்த படுக்கையாக இருப்பதைவிட, முடிந்த அளவு நடமாடுவதே நல்லது என்று இன்று மருத்துவம் சொல்கிறது. ஆகவே இலகுவான வேலையோடு திரும்ப வைப்பது அவருக்கும் நல்லது.

படி 10: பரிசோதனை, முதலுதவி, மற்றவை

உடல் பரிசோதனை முகாம் நடத்துவதானால் இரண்டு நிபந்தனைகள். கலந்துகொள்வது அவரவர் விருப்பம். முடிவு அந்த ஊழியருக்கும் மருத்துவருக்கும் மட்டும், எச்.ஆர். கணினியில் அது இருக்கக் கூடாது. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் ஒருவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால், அடுத்த முகாமுக்கு யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது.

ஒவ்வொரு ஷிப்டிலும் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் இருக்கட்டும். திடீர் மாரடைப்பில் இதயம் நின்றுவிட்டால், நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இதய அதிர்வுக் கருவியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கருவியைப் பூட்டிய அறையில் வைக்காதீர்கள்.

யோகா வகுப்பும் விளையாட்டுப் போட்டியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே உள்ளவற்றைச் செய்த பிறகு, வேலை நேரத்திலேயே, விருப்பப்பட்டவர்களுக்கு வையுங்கள். எடை குறைப்புப் போட்டி மட்டும் வேண்டாம். ஒருவரின் எடை ஒரு பலகையில் எழுதப்படும் விஷயமல்ல.

படி 11: அளந்து, திரும்பக் காட்டுங்கள்

மூன்று மாதம் கழித்து அதே மனித உருவத் தாளைத் திரும்பக் கொடுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து அந்தப் பிரிவில் இருப்பவர்களிடமே காட்டுங்கள். நிர்வாகக் கூட்டத்துக்கு மட்டும் போகும் அறிக்கையாக அது முடிந்துவிடக் கூடாது. தோள்பட்டைக் குறிகள் குறைந்து, மணிக்கட்டில் புதிதாக வந்திருந்தால், நீங்கள் செய்த மாற்றம் பாரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது. மேசை உயரத்தைத் திரும்பப் பாருங்கள்.

முதல் சில மாதங்களில் புகார்கள் கூடும். நிர்வாகத்தில் யாராவது பதறி, "திட்டம் தொடங்கியதிலிருந்து பிரச்சினை அதிகமாகிவிட்டது" என்பார். அவரிடம் இரண்டு எண்களைத் தனித்தனியாகக் காட்டுங்கள்: லேசான வலி என்று சீக்கிரமே சொன்னவர்கள் எத்தனை, வேலைக்கே வர முடியாமல் போனவர்கள் எத்தனை. முதலாவது கூடி இரண்டாவது குறைந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். இரண்டும் கூடினால் படி 2-க்குத் திரும்புங்கள், இந்தத் தடவை ஷிப்ட் முடியும் நேரத்தில் போய் நில்லுங்கள்.